சம்பந்தி அவர்களுக்கு, தப்பிப்போன மீன் விஷயமாக

மல்காஜ்கிரி,
ஹைதராபாத்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. விஸ்வநாத் அவர்களுக்கு, பக்தவத்சலம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மங்கையர்க்கரசியும் தெய்வ கிருபையால் சௌக்கியம், என் இடது முழங்கால் நீங்கலாக. கடலூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை மோகனும் சுஷ்மாவும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் கணுக்கால் காயம் ஆறியிருக்கும் என்றும் நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் உருக்கமாகப் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே யாராவது அதைப் பிடுங்கிக் குழந்தைக்கு முத்தம் கொடுக்கிறார்கள். இது முத்தத்தின் நடுவில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. என் உயிரைக் காப்பாற்றியதற்கு முறைப்படி நன்றி தெரிவிக்கும் கடிதம்.

பழசைக் கிளறுவதாக நினைக்க வேண்டாம். நன்றியின் கனம் தெரிய வேண்டுமானால் முன்கதையும் வேண்டும். பிள்ளைகள் கல்யாணத்தன்று மேடையில் போட்டோ எடுக்கும்போது தாங்கள் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னாடி அலங்காரம் மறைக்குது" என்றீர்கள். நானும் தள்ளி நின்றேன். ஆல்பம் வந்ததும் பார்த்தால், பெண்ணைப் பெற்றவனுடைய வலது தோளும் அங்கவஸ்திரத்தின் கரையும் மட்டும்தான் இருந்தன. அதற்குப் பதிலாக இங்கே செகந்திராபாத்தில் வைத்த வரவேற்பில் வந்தவர்களை எல்லாம் பேர் சொல்லி வரவேற்றுவிட்டுத் தங்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். அன்றோடு நம் பேச்சுவார்த்தை நின்றது. அதன்பிறகு ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும், "உங்க மாமனார் சாப்பிட்டாரான்னு கேளும்மா" என்று நானும், "உங்க அப்பாவுக்கு ஃபேன் வேணுமான்னு கேளும்மா" என்று தாங்களும், நடுவில் சுஷ்மா போஸ்ட்மேன் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பேரன் பிறந்த செய்திகூட எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கடலூர் கிளம்பியபோது சுஷ்மா போனில் சொன்னது ஒன்றுதான். "அப்பா, இந்தத் தடவை நீங்க ரெண்டு பேரும் நேரா பேசலைன்னா நான் ரெண்டு பேர்கிட்டயும் பேசமாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண் அவள், என் மனைவியின் ஜாடை. அந்தப் பயத்தில்தான் வந்தேன். வந்த மறுநாள் காலை தாங்கள் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்ப, என்னையும் கூடவே அனுப்பி வைத்தது அவள் வேலை. வழி முழுக்க நாம் இருவரும் தனித்தனியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவன், மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் ஹுசேன் சாகர் ஏரி. அழுக்குக்குப் பயந்து அதில் யாரும் காலை நனைக்கமாட்டார்கள். நீச்சல் தெரியாது. இதையெல்லாம் தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் நாம்தான் பேசிக்கொள்வதில்லையே. கரையை அலை அரிக்காமலிருக்கக் கடலுக்குள் நீளமாகப் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதற்குத் தூண்டில் வளைவு என்று பேர் என்று சுஷ்மா சொன்னதும், மீன் பிடிப்பதற்கென்றே சர்க்கார் கட்டிக்கொடுத்தது என்று நினைத்துவிட்டேன். தாங்கள் உபரியாக இருந்த தூண்டிலை என்னிடம் கொடுத்து, கொக்கியில் இறாலைக் கோத்து, ஈயக்குண்டை எப்படி வீசுவது என்று கையாலேயே காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பாறைகளைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். நானும் இந்தப் பக்கமே நின்றேன். நடுவில் ஆள் உயரத்துக்குக் கல். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நிம்மதியாக இருந்தது.

எனக்கு வீசத் தெரியாதென்பதால் முதல் தடவை என் சட்டைக் காலரையே பிடித்தேன். அடுத்த தடவை ஒரு பழைய செருப்பு. அதற்கடுத்த வீச்சு எப்படி அமைந்ததோ, தூண்டிலின் தங்கூஸ் நரம்பு விர்ரென்று ஓடி வளைவின் முனையையும் தாண்டிப் போய் விழுந்தது. காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டுபோயினவோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு இழுப்பு. சாதாரண இழுப்பில்லை சம்பந்தி, ஷன்டிங்கில் பெட்டியோடு எஞ்சின் வந்து சேரும்போது ஒரு குலுக்கல் வருமே, அந்தமாதிரி. கம்பு வளைந்து கைப்பிடி வயிற்றில் இடித்தது. நான் பதிலுக்கு இழுத்தேன். அது விட்டது. அட, சின்ன மீன்தான் போல என்று நான் ரீலைச் சுத்த ஆரம்பிச்சதும் மறுபடி அது இழுத்தது. எனக்கு மூச்சு வாங்குச்சு, நின்னேன். அதுவும் நின்னுச்சு. இப்படி ஒரு மரியாதை தெரிஞ்ச மீனா என்று எனக்கே ஆச்சரியம். நான் இழுத்தா அது இழுக்குது, நான் நின்னா அது நிக்குது.

அப்போதான் நான் கூப்பிட்டேன். அத்தனை நாள் கழிச்சு உங்களை நேராக் கூப்பிட்டது அப்போதான், அதுவும் கௌரவமாக் கூப்பிடலை.

"சம்பந்தி, இங்க வாங்க, என்னால பிடிக்க முடியல" என்றேன்.

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்க குரல் வந்தது. "வர முடியாது சம்பந்தி, இங்கயும் ஒண்ணு பெருசா மாட்டியிருக்கு. விட்டுடாதீங்க, நல்லா இழுங்க."

நல்லா இழுங்கன்னு நீங்க சொன்னதும் எனக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துச்சு. ரெண்டரை வருஷமா பேசாத மனுஷன் என்னை நம்பிச் சொல்றாரே என்று பாறையில காலை ஊன்றி, இடுப்பைக் கொடுத்து, ஒர்க்‌ஷாப்புல ஜாக்கி போடுற மாதிரி இழுத்தேன். அந்தப் பக்கம் நீங்க "ஐயோ" என்றீர்கள். உங்க மீனும் அதே நேரம் வெறிபிடிச்சு இழுக்குது போல, பாவம் என்று நினைச்சேன். அடுத்த நொடி எனக்கு வந்த இழுப்பில் பாசி படிஞ்ச கல்லு வழுக்கி, கம்பை விடாம அப்படியே தண்ணிக்குள்ள போனேன். அலை தலைக்கு மேல போச்சு. கடல் உப்பா இருக்கும்னு புஸ்தகத்துல படிச்சிருக்கேன், இவ்வளவு உப்பா இருக்கும்னு எழுதலை. நரம்பு பட்டென்று அறுந்தது மட்டும் தெரிஞ்சது. அப்புறம் மேல் எது கீழ் எது என்று தெரியல. மங்கையர்க்கரசி முகம் வந்துச்சு. அவளும் திட்டிக்கிட்டே இருந்தா.

அந்த நேரத்தில்தான் சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது. தங்கள் நரம்பும் அறுந்து, தாங்கள் பின்னால் கல்லில் விழுந்து, கணுக்காலில் ரத்தம் வழிய வழியப் பாறை ஏறிக் குதித்து, வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி என்னை வெளியே இழுத்துப் போட்டீர்கள். முதுகில் தட்டினீர்கள். நான் குடித்த வங்கக் கடலில் ஒரு பங்கைத் தங்கள் காலடியிலேயே திருப்பிக் கொடுத்தேன். முகம் சுளிக்கவில்லை தாங்கள். ஈர வேட்டியின் ஓரத்தைப் பிழிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீச்சல் தெரியாதுன்னு சொல்லக்கூடாதா சம்பந்தி? உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் சுஷ்மா முகத்துல எப்படி முழிப்பேன்" என்றீர்கள். எனக்கு அதுதான் மறக்கவில்லை. சுஷ்மாவும் அந்நேரம் நம்மைப் பலகாரத்துக்குக் கூப்பிட வந்து பாறையின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள், பாவம். அப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று பயந்துவிட்டாள்.

அதன்பிறகு வீடு வரும்வரை நாம் வாய் மூடவில்லை. நான் சுறா என்றேன். தாங்கள், பாறையில் படுத்துக்கொண்டு இழுக்கிற புத்தி திருக்கை மீனுக்குத்தான் உண்டு என்றீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் மாட்டியதால் அது ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், புருஷன் என் பக்கம், பெண்டாட்டி உங்கள் பக்கம் என்று கடைசியில் ஒத்துப்போனோம். வாசலில் நின்ற சம்பந்தியம்மாளும் என் மனைவியும், நாம் நனைந்துபோய் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நொண்டி வருவதைப் பார்த்து, குடித்துவிட்டு வருகிறோம் என்று நினைத்தார்களாம். அன்று ராத்திரி சாப்பாட்டில் தாங்களே எனக்கு ரசம் ஊற்றினீர்கள். சுஷ்மாவைக் கேட்கச் சொல்லவில்லை.

இங்கே திரும்பி வந்ததிலிருந்து எனக்கு ஏக மரியாதை. காலையில் என்னோடு நடக்க வரும் ஸ்ரீனிவாஸ், "கித்னா படா, அண்ணா? எவ்வளவு பெருசு?" என்று கேட்டார். முதல் நாள் கையை விரித்துக் காட்டினேன். அவர் நம்பாத முகம் காட்டினார், அதனால் மறுநாள் பெஞ்சைக் காட்டினேன். இப்போது மீன் ஷேர் ஆட்டோ அளவில் வந்து நிற்கிறது. "ஹவ், ஆமா, சமுந்தர்ல அவ்ளோ பெருசு இருக்கும்" என்று அவரே மற்றவர்களுக்குச் சொல்கிறார். பேசாமல் விட்டால் இன்னும் வளரும் என்று மங்கையர்க்கரசி எச்சரித்தாள், அப்போதும் நான் நிறுத்தவில்லை. எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தில் ஆண்டுவிழாவுக்கு என்னைப் பேசவே கூப்பிட்டுவிட்டார்கள், தலைப்பு "கடலும் நானும்". அதில் தங்கள் பெயரை முதலில் சொல்லித்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.

இன்னொன்று. அடுத்த முறை அந்த ஜோடி தப்பக் கூடாது. பேகம் பஜாரில் அலைந்து, முன்னதைவிட நாலு மடங்கு கனமான நரம்பு இரண்டு சுருள் வாங்கியிருக்கிறேன், ஒன்று தங்களுக்கு, ஒன்று எனக்கு. பழைய ஒர்க்‌ஷாப் நண்பர் ஒருவர் எவர்சில்வரில் கொக்கியும் அடித்துக் கொடுத்திருக்கிறார். இனி அறுந்துபோகிற பேச்சே இல்லை. மறுமுனையில் இருப்பது யாராயிருந்தாலும் கரைக்கு வந்தே தீர வேண்டும்.

குழந்தைக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரங்கள். என்னை என் மனைவிக்கும் மகளுக்கும் முழுசாகத் திருப்பிக் கொடுத்த தங்கள் கைக்கு எந்த நோவும் வராமல் அந்தப் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் அன்பிற்கு என்றும் கடமைப்பட்ட,
பக்தவத்சலம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது சுஷ்மா போன் பண்ணினாள். கனமான நரம்பு வாங்கின சந்தோஷத்தைச் சொன்னேன். அவ உடனே, "அப்பா, நக்கோ, வேண்டாம், அதை மட்டும் கொண்டுவராதீங்க, மாமாவைக் கடலுக்குள்ள இழுத்துடுவீங்க" என்றாள். எனக்குப் புரியல. வீடியோ அனுப்பினா. பாறை உச்சியிலிருந்து எடுத்திருக்கா, ரெண்டு பக்கமும் தெரியுது. வளைவோட முனைக்கு அப்பால உங்க நரம்பும் என் நரம்பும் முறுக்கிக்கிட்டு வெயில்ல மின்னுது. நான் சாய்ஞ்சா நீங்க முன்னால போறீங்க, நீங்க சாய்ஞ்சா நான் போறேன். மீனே இல்லை சம்பந்தி. அன்னைக்கு அவ அழவும் இல்லை, சிரிச்சிருக்கா. ஏன் முன்னாலயே சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சிட்டீங்க அப்பா, நான் எப்படிச் சொல்வேன்" என்றாள்.

கடிதத்தைக் கிழிச்சுடலாம்னு எடுத்தேன். மங்கையர்க்கரசிதான் தடுத்தா, தண்ணிக்குள்ள இழுத்தவரும் அவர்தான், வெளிய இழுத்தவரும் அவர்தான், நன்றி நன்றிதானே என்றாள். அதனால அப்படியே அனுப்பறேன். ஸ்ரீனிவாஸுக்கு இது தெரியவேண்டாம். உங்களுக்குத் தெரியும்ங்கறது சுஷ்மாவுக்கும் தெரியவேண்டாம், நாம எப்பவும் போல அவ முன்னால சுறாவா திருக்கையான்னு சண்டை போட்டுக்கிட்டே இருப்போம். வீடியோவை இதோட மூணு தடவை பார்த்துட்டேன், நீங்க இழுத்த இழுப்பைப் பார்த்த பிறகு தைரியமாச் சொல்றேன், அது திருக்கை இல்ல. சுறாதான்.