ஏழாவது பீரியடும் என் ஏழரையும்

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு தீப்பிடித்தாலும் என்னைக் கூப்பிடக் கூடாது என்று மனைவியிடம் அறிவித்தேன்.

"தீப்பிடிச்சா நானே அணைச்சுக்கறேன்" என்றாள்.

அவளிடமிருந்து இவ்வளவு ஒத்துழைப்பு வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விஷயம் இதுதான். 'ஏழாவது பீரியட்' திரும்பி வருகிறது. ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் நடக்கிற நகைச்சுவைத் தொடர். நாலு வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமை ஆசிரியர்தான். கால அட்டவணை போடுவேன். யாராவது லீவு போட்டால், ஓய்வாக இருக்கிறவரைப் பிடித்து அந்த வகுப்புக்குள் தள்ளுவேன். சாக்பீஸ் பீரோவின் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். அடுத்த பள்ளிக்கூடத்து அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பதைப் போல ஒரு சுகம் எனக்கு வேறு கிடையாது.

ஏழு மணிக்குத் தொடங்கியது. பழைய ஆட்கள் அப்படியே இருந்தார்கள். புதிதாக ஒருத்தர் வந்தார். உதவித் தலைமை ஆசிரியராம். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சட்டைக் காலர் மட்டும் இருந்தது. பீரோவைத் திறந்தார். சாக்பீஸ்களை எண்ணினார். ஆளுக்கு ஒன்றரை என்று உடைத்துக் கொடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றரை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. முழுசாக இரண்டு கொடுத்தால் ஆசிரியர்கள் எழுதியே தீர்த்துவிடுகிறார்கள்.

யார் எதைக் கேட்டாலும் அந்த ஆள் ஒரு சாக்குச் சொன்னார். அதனால் தொடரில் அவருக்குப் பெயர் 'சாக்குப்பீஸ்'.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, சிரிப்பே வரலையா?"

"தொண்டை சரியில்ல."

"சிரிக்கிறதுக்குத் தொண்டை எதுக்கு? மனசு போதும்."

அடுத்த சனிக்கிழமை இன்னும் மோசம். சாக்குப்பீஸ் தலைமை ஆசிரியையிடம் உரிமைக்குரல் எழுப்பப் போகிறார். போவதற்கு முன்னால், பரிசோதனைக் கூடத்து எலும்புக்கூட்டின் முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார். "அம்மா, எனக்கும் முதுகெலும்பு இருக்கு" என்கிறார். பிறகு உள்ளே போகிறார். கூடுதலாக இரண்டு தேர்வு மேற்பார்வை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்.

அது நான். அது எங்கள் எலும்புக்கூடு. அது நான் சொன்ன வசனம். என்னை மறுத்துப் பேசாத ஒரே ஜீவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுதான் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். பேச்சு சட்டென்று நின்றது. விளையாட்டு ஆசிரியர் எழுந்து வந்தார். அவருக்கும் கரும்பலகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"சார், எனக்கு ஒன்றரை கிடைக்குமா?"

இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் தலைமை ஆசிரியை ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கு வரவேண்டியது. சாக்குப்பீஸை யார் அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினேன். "எங்க ஸ்கூல்ல ஒரு கறுப்பு ஆடு இருக்கு. அங்க நடக்கிறதையெல்லாம் டிவிக்காரங்களுக்குப் போட்டுக் கொடுக்குது."

"யார் மேல சந்தேகம்?"

"விளையாட்டு வாத்தியார், லேப் அசிஸ்டென்ட், லைப்ரேரியன் அம்மா. இந்த மூணு பேர்ல ஒருத்தர்."

அவள் துணி மடித்துக்கொண்டே யோசித்தாள். "அப்படின்னா மூணு பேர்கிட்டயும் மூணு பொய் சொல்லுங்க. எந்தப் பொய் டிவியில வருதோ, அந்த ஆள்தான்."

இப்படியொரு மூளையைத் துணி மடிக்க விட்டுவிட்டோமே என்று அன்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாளே வேலையில் இறங்கினேன். விளையாட்டு ஆசிரியரைத் தனியாக அழைத்து, எனக்குப் பல்லியைக் கண்டால் மயக்கம் வரும் என்றேன். லைப்ரேரியன் அம்மாவிடம், நான் ரகசியமாகக் காதல் கவிதை எழுதுகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். லேப் அசிஸ்டென்டிடம், சின்ன வயதில் நான் சர்க்கஸில் சேர ஓடிப்போனதாகவும், உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னேன். பாவம், அவர் நம்பி, என் தோளைத் தட்டிக் கொடுத்தார். சாயங்காலம் மூன்று பொய்யையும் ஏற்ற இறக்கத்தோடு மனைவியிடம் நடித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு" என்றாள். "மூணு வாரம் பொறுங்க. எழுதி, எடுத்து, போடறதுக்கு அவ்வளவு நாள் ஆகும்."

அது உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மூன்றாவது சனிக்கிழமை நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். சாக்குப்பீஸ் பல்லியைப் பார்த்து மயங்கி விழுந்தார்.

"விளையாட்டு வாத்தியார். நான் அப்பவே நினைச்சேன்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க, இன்னும் முடியல" என்றாள்.

சாக்குப்பீஸ் மயக்கம் தெளிந்து எழுந்தார். காதல் கவிதை படித்தார். பிறகு சர்க்கஸ் கதை சொன்னார். கடைசியில் கேமராவைப் பார்த்து, "மூணு பேர்கிட்ட மூணு பொய் சொல்லியிருக்கேன். யார் மாட்டறாங்கன்னு பார்க்கலாம்" என்று கண் சிமிட்டினார்.

மூன்று பொய்யும் தெரிந்த ஆள் உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

"நீயா?"

"ம்."

"தையல் வகுப்புன்னு ஆறு மாசமா போனியே."

"ஆறு மாசத்துல நான் ஒரு பட்டனாவது தைச்சு நீங்க பார்த்தீங்களா? நீங்களும் கேக்கல, நானும் சொல்லல. பழைய ஆளு எழுத மாட்டேன்னுட்டாராம், புதுசா எழுத ஆள் தேடினாங்க. எழுதிப் போட்டேன், எடுத்துக்கிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. நீங்க விடைத்தாள் திருத்திட்டு இருந்தீங்க. 'உங்களை வச்சு ஒரு கதை எழுதட்டுமா'ன்னேன். 'ம்'னீங்க."

"நான் எது கேட்டாலும் 'ம்'னுதான் சொல்லுவேன்."

"அது ஆறாவது எபிசோட்ல வருது."

"ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது, தெரியுமா உனக்கு?"

"சிரிக்கட்டுமே. தினமும் சாயங்காலம் வந்து ஸ்கூல் கதை சொல்றீங்க. பதினெட்டு வருஷமா நான் ஒருத்திதான் கேட்டுட்டு இருந்தேன். தனியாவே சிரிச்சு அலுத்துப்போச்சுங்க."

ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. மனைவியிடம் எடுபடாது என்பதால் மேலிடத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தே புகார் எழுதினேன். பதினோரு பக்கம். 'மதிப்பிற்குரிய கதைப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். சாக்குப்பீஸ் என்பது நான்தான், ஒன்றரை என்னுடையது, எலும்புக்கூடு எங்களுடையது, இப்படி எழுதி ஒரு மனிதனை அவமானப்படுத்துவது முறையல்ல, அந்தப் பாத்திரத்தை உடனே நீக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். மனைவி கண்ணில் படாமல் நானே போய்த் தபாலில் சேர்த்தேன். மனம் லேசானது. வீட்டில் அவளைப் பார்த்தபோது கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மேலிடத்தில் என்ன பாடு படப்போகிறாளோ.

பத்து நாளில் பதில் வந்தது. அவள்தான் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "உங்களுக்கு ஏதோ தபால் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

அவசரமாகப் பிரித்தேன்.

'அன்புடையீர், நீங்கள் அனுப்பிய மாதிரிக் காட்சி கிடைத்தது. சாக்குப்பீஸ் பேசுகிற தோரணையை ஓரளவு பிடித்திருக்கிறீர்கள். ஆனால் இப்படியும் ஒரு மனிதர் இருப்பார் என்று நம்ப முடியவில்லை. இன்னும் கொஞ்சம் இயல்பாக எழுதி அனுப்பவும். இப்படிக்கு, கதைப் பிரிவுத் தலைவர்.'

அதற்குக் கீழே தலைவர் பேனாவால் போட்டிருந்தது, எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலில் மாதாமாதம் நான் பார்க்கிற அதே கையெழுத்து.