அறை உண்டு

பனிமிகு ரொறன்ரோவில் வாழும் பெரியப்பா சந்தியோகு அவர்களுக்கு,

பணிவுமிகு பெறாமகள் டினோஜா மன்னாரிலிருந்து எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கு கணிதப் பாடத்தைத் தவிர எல்லாம் நலம்.

சகோதரர் லொட்ஜை, அதாவது உங்கள் பழைய சங்க மண்டபத்தை, விற்பதற்கு முன் அதன் சரித்திரத்தை எழுதி அனுப்பச் சொன்னீர்கள். தந்திக் கந்தோர்காரரும் ரயில்காரரும் சேர்ந்து கட்டியது, வேதம், சமயம் பார்க்காமல் ஒரே வாங்கில் அருகருகே இருந்தது, இரகசியமாகக் கைகுலுக்கியது எல்லாம் உங்களுக்கே தெரியும். மிச்சமிருக்கும் சகோதரர்கள் நீங்களும் மஹ்மூது மாமாவும்தான். மீதியை அவரிடம் கேட்கப் போன இடத்தில்தான் பிசகியது. லொட்ஜ் கதவு பூட்டியிருந்தது, என் கையில் வெண்கட்டி இருந்தது, சுவரில் 'லொட்ஜ்' என்று இருந்தது, இந்தக் காலத்தில் லொட்ஜ் என்றால் வாடகைக்குப் படுக்கிற இடம்தானே என்று கீழே 'அறை உண்டு' என்று எழுதிவிட்டு வந்தேன், அன்று பின்னேரமே திருக்கேதீஸ்வரத்துக்கு வந்த குடும்பம் ஒன்று வான் நிறைய வந்து இறங்கிவிட்டது, மழை வேறு, கதவைத் திறந்துகொண்டிருந்த மாமா "இது அந்த லொட்ஜ் இல்ல" என்று சொல்ல, அந்த அம்மா "எழுதிக் கிடக்கே" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், மாமா குழந்தையோடு கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரித்தாராம்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அறை உண்டு எண்டு எழுதினது நீதானே?"

"ஓம் மாமா."

"உண்டுதான். கன்னத்தைக் காட்டு."

காட்டினேன். அறையவில்லை. "கன வருசத்துக்குப் பிறகு உள்ளுக்க ஆக்கள்ர சத்தம், மகள்" என்றார்.

சனிக்கிழமைகளில் அவர் இரண்டு கதிரை போட்டு, ஒன்றில் இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவாராம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் புத்தளம் போக வேண்டி வந்தபோது லொட்ஜ் பூட்டின் திறப்பை உங்கள் கையில் தந்தாராம். சண்டைக்குள்ளும் நீங்கள் அதைத் தொலைக்கவில்லையாம். அவர் திரும்பி வர, கனடா போகும்போது அவர் கையில் தந்தீர்களாம். இத்தனை வருசமாகத் திறப்பு இருந்திருக்கிறது, திறப்பு விழாதான் இல்லை.

இதுதான் சரித்திரம். ஆகையால் விற்க வேண்டாம் பெரியப்பா.

மடு மாதா உங்களையும் உங்கள் முழங்காலையும் காப்பாராக. பெரியம்மாவுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
அறைக்குத் தப்பிய டினோஜா

பி.கு.: இதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "விக்க வேணாம் எண்டதை வெட்டு. விக்கட்டும், நானும் கையெழுத்து வைக்கிறன். ஆனா திறப்பைத் தபால்ல அனுப்ப மாட்டன். கையால தந்தவர் வந்து கையால வாங்கட்டும்" என்கிறார். வந்தால் உங்களுக்கும் அறை உண்டாம். எந்த அறை என்று கேட்டேன். திறப்பை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.