ஒட்டகம் குளிக்கும் நேரம்

பார்சல் ஆபீஸ் சூப்பர்வைசருக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை 'மெதுவாக'. காலையில் வந்த மூட்டை மதியத்துக்குள் கிளம்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷனை அவர் மனைவி, நாலு வயது மகள் சிட்டுவோடு, வெளிநாட்டை ஒரு மாதம் மெதுவாகச் சுற்றிப் பார்க்கக் கூட்டி வந்துவிட்டாள்.

ஒரே ஊர், ஒரே வாடகை வீடு. குழந்தை எங்கே நிற்கிறாளோ அங்கே நிற்க வேண்டும். அவள் எதை வேடிக்கை பார்க்கிறாளோ அதைத்தான் பார்க்க வேண்டும். இதுதான் மனைவி போட்ட சட்டம்.

"அப்போ டவரு?" என்று பரிதாபமாகக் கேட்டார். ஊரே பெருமை பேசும் அந்த டவர் ஜன்னலிலிருந்து பளிச்சென்று தெரிந்தது. கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டவில்லை.

"டவர் எங்கேயும் ஓடிடாது. நீங்களும் ஓடாதீங்க."

"இல்லம்மா, ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துட்டேன். டவர் உச்சியிலேருந்து எடுத்த போட்டோ கொண்டு வருவேன், அதுல நான் இருப்பேன், இல்லேன்னா மீசையை எடுத்துடுறேன்னு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும். மைக்ல."

மனைவி மீசையை ஒரு தரம் பார்த்தாள்.

சும்மா இருப்பாரா சூப்பர்வைசர்? மறுநாள் காலையில் ஒரு திட்டத்தோடு எழுந்தார். சிட்டுவைப் பார்க்குக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே டவருக்கு ஓடுவது. ஒரு போட்டோ, உடனே திரும்புவது. காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

"நீ பாவம், வீட்லயே ரெஸ்ட் எடு. குழந்தையை நான் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நெஜமாவா? தங்கமான மனுஷன் நீங்க! போற வழியில சலவைக் கடை இருக்கு. இந்தப் பையை மெஷின்ல போட்டு எடுத்துட்டு வந்துடுங்க."

இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று அவருக்கே மனசு கேட்கவில்லை.

சலவைக் கடையில் துணியைக் கொட்டினார், காசைப் போட்டார், மெஷின் சுற்ற ஆரம்பித்தது. "வா, ஓடு!" என்று மகளின் கையைப் பிடித்தார். சிட்டு நகரவில்லை. மெஷினின் வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே, அவருடைய பனியனுக்கு நடுவில், ஒரு நீளக் கழுத்து வந்து போயிற்று.

"அப்பா! ஒட்டகம்!"

சிட்டுவின் துணி ஒட்டகம். அதில்லாமல் அவள் தூங்க மாட்டாள், சாப்பிட மாட்டாள், மூச்சுகூட யோசித்துத்தான் விடுவாள்.

"அது குளிச்சிட்டு இருக்கட்டும்டா. நாம அதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

"அதுக்குத் தலை சுத்தும்ப்பா. நான் பக்கத்துல இருக்கணும்."

தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார். சிட்டு வைத்த ஓலத்தில் கடைக்காரம்மாள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிள்ளை பிடிப்பவன் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ! சூப்பர்வைசர் சாதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். ஒட்டகம் குளித்தது. பிறகு காய்ந்தது. வயிறு நிறையப் பஞ்சு வைத்த ஒட்டகம் லேசில் காயுமா? காய்ந்தபோது சிட்டு அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தாள்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று வீடு திரும்பினார். மனைவி தலையெல்லாம் கலைந்து, கன்னம் சிவந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தூக்கம் போல?"

"அப்பப்பா, சொர்க்கம்!" என்றாள்.

மறுநாள் காலையில் மனைவி ரொட்டியில் ஜாம் தடவி சிட்டுவுக்கு ஒரு வாய், ஒட்டகத்துக்கு ஒரு வாய் என்று ஊட்டினாள். "ஐயோ, மூஞ்சியெல்லாம் ஜாம்! அப்பா குளிப்பாட்டிட்டு வருவாங்க."

அதற்கடுத்த நாள் ஒட்டகம் பால் குடித்தது. பிறகொரு நாள் பூந்தொட்டிக்குள் விழுந்து மண்ணில் புரண்டது. பாலைவனத்து ஒட்டகம்கூட இத்தனை அழுக்கு கண்டிருக்காது, இத்தனை தண்ணீரும் கண்டிருக்காது. கடைக்காரம்மாள் இப்போதெல்லாம் சூப்பர்வைசருக்கென்று பெஞ்சில் ஒரு மெத்தையே போட்டுவைத்தாள்.

மாதம் முடிந்தது. பெட்டி கட்டும்போது அவர் உடைந்துபோனார்.

"உன்கிட்ட மறைச்சுட்டேன். பார்க்குன்னு சொல்லிட்டு டவருக்குத்தான் போகப் பாத்தேன். இந்தப் பாழாப்போன ஒட்டகம் விடலை. மீசை போச்சும்மா!"

"எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும். அதனாலதான் ஒட்டகத்தைப் பையில போட்டேன்."

"நீயா போட்டே?"

"அம்மாக்காரி ஒருத்தி தனியா, நிம்மதியா, மெதுவா ஒரு எடத்தைப் பாக்கணும்னா வேற வழி? தினமும் பின்தெரு வழியா போயிடுவேன். மேல என்னா காத்து தெரியுமா! தலையெல்லாம் கலைஞ்சுடும்."

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். மூட மறந்துவிட்டார். மனைவி போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கீழே, வெகு கீழே, சலவைக் கடை வாசலில், ஈர ஒட்டகத்தைக் கழுத்தைப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார் ஒருவர்.

"இந்தாங்க. டவர் உச்சியிலேருந்து எடுத்தது, நீங்களும் இருக்கீங்க. பெருசாக்கிப் பாருங்க, மீசைகூடத் தெரியும்."