பதினோரு மணிக்குப் போகாத போன்

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து பம்ப் ஆபரேட்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தான் செத்தால் மனைவி அழுவாளா?

சந்தேகத்தைக் கிளப்பியது ஆபீஸ். தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் அவர் ஒண்டி ஆள். அந்த மோட்டார் அறை அவருக்கு சொர்க்கம். மோட்டார் ஓடும், அவர் தூங்குவார், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. அப்படித் தனியாக வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டு முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். ரத்தம் வந்தால் துணியால் அழுத்திப் பிடி. மயங்கியவனை ஒருக்களித்துப் படுக்க வை. இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை வீட்டுக்குப் போன் பண்ணு. கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதை அவர் பிரிக்கவே இல்லை, மனைவிதான் பிரித்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் போனில் சொல்வார். "சரி" என்பாள். வைத்துவிடுவாள். அந்தச் 'சரி' அவர் மனதை அரித்தது.

ஒரு நாள் பதினோரு மணி போனை வேண்டுமென்றே பண்ணவில்லை. தரையில் பேப்பரை விரித்து, பயிற்சியில் சொன்னபடி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். அவள் அலறியடித்துக்கொண்டு ஓடி வரட்டும்.

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. மனைவிதான். 'துடிக்கட்டும்' என்று கிடந்தார். மறுபடி அடித்தது. ஆனந்தமாக இருந்தது. மூன்றாவது தடவை காதருகில் அலறியதால் கட் பண்ணினார்.

அப்புறம் அடிக்கவில்லை. மதிய ஷிப்ட் ஆள் வரும்வரை ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. இடுப்பு பிடித்ததுதான் மிச்சம்.

கறுவிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனைவி நாற்காலியில் இருந்தாள். வலது கையில் பெரிய கட்டு. சமையலறைத் தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு, ரத்தம்.

"என்ன ஆச்சு?"

"ஜாடி உடைஞ்சு கையைக் கிழிச்சிடுச்சு. ஆறு தையல். மூணு தடவை கூப்பிட்டேன்."

"எனக்கு... மயக்கம் வந்துடுச்சு."

அவள் பதறவில்லை. இடது கையால் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சூப்பர்வைசர் சார், எங்க வீட்டுக்காரர் வேலையில மயங்கி விழுந்துட்டார். உடனே சொல்லணும்னு புத்தகத்துல போட்டிருக்கே."

"நல்ல வேளை சொன்னீங்கம்மா. இனிமே அவரைத் தனியா விடக்கூடாது. பதினஞ்சு நாள் வீட்டுல இருக்கட்டும். அப்புறம் ஆபீஸ்ல என் பக்கத்துலயே உட்காரட்டும்."

சொர்க்கம் போயிற்று.

"உன்னை யாரு சொல்லச் சொன்னது?"

"மயக்கம் இல்லேன்னா சொல்லுங்க, மறுபடி போன் போட்டு உண்மையைச் சொல்லிடறேன். மயங்கிக் கிடந்தவர் மூணாவது தடவை எப்படி லைனைக் கட் பண்ணினார்னு நானும் கேக்கல."

ஆபரேட்டர் தரையைப் பார்த்தார். அவமானமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போனா?"

"யாரு இருக்கா? நானே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆட்டோ ஏறினேன். நீங்க எட்டு மணி நேரம் தனியா வேலை பாக்கறீங்க. நான் இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்டுல தனியாத்தான் பாக்கறேன். எனக்கு யாரும் பயிற்சி குடுக்கல."

எழுந்து துடைப்பத்தைக் காட்டினாள். "கையில தண்ணி படக்கூடாதாம். சில்லைப் பெருக்கிட்டுச் சோறு வடிங்க."

"மயக்கம் வந்தவனைத் தனியா விடக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னார்?"

"ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை முன்னறைக்குப் போன் பண்ணுங்க" என்றாள் மனைவி. "தோணினா எடுக்கறேன்."