மொட்டைக்குத் திறக்காத வாலட்

"முகம் பொருந்தவில்லை. நீங்கள் வேறு நபர்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னது செல்போன்.

குமரேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், நாந்தான்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தினான். சந்தனம் வாங்க வந்த குடும்பம் மிரண்டுபோய் அடுத்த கடைக்கு நகர்ந்தது.

திருத்தணி மலைப்படி ஓரத்தில், மொட்டை போட்டு வருகிறவர்களின் தலைக்குச் சந்தனம் விற்பதுதான் அவன் பிழைப்பு. யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத 'தங்கமழை வாலட்' என்ற ஆப்பை நம்பி, போன ஆனியில் கிரிப்டோ காசு வாங்கிப் போட்டான். பணம் ஏது? பெண்டாட்டி பிரேமாவின் நாலு சவரன் சங்கிலி. அவளுக்குத் தெரியாமல் எடுத்து விற்றுவிட்டான். அதை எட்டு சவரனாக்கி அவள் கழுத்தில் போட்டு அசத்த வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன!

பத்தே நாளில், அம்மாவுக்கு முட்டிவலி என்று பள்ளிப்பட்டுக்குப் போனாள் பிரேமா. போனவள் போனவள்தான். மூன்று மாதமாகிறது.

"எப்ப வர்ற?"

"பாக்கலாம்."

"அத்தைக்கு முட்டி எப்பிடி கீது?"

"ஆங், கீது. வெச்சிடறேன்."

சங்கிலி விஷயம் தெரிந்துவிட்டது, சந்தேகமே இல்லை. டீ போட்டால் கை தானாக இரண்டு டம்ளரை எடுத்தது. அவளிடம் திட்டு வாங்காமல் சோறுகூட இறங்கவில்லை. சங்கிலியோடு போய் நின்றால் வருவாள். ஆனால் ஆப்பில் தொகை ஏறிக்கொண்டே போனதே தவிர, எடுக்க விடவில்லை.

பணம் கைக்கு வந்தால் மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டிக்கொண்டான். சாமி காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று மொட்டையையும் முன்கூட்டியே போட்டுவிட்டான். மறுநாள்தான் ஆப் கேட்டது: "பணம் எடுக்க முகத்தைக் காட்டவும்." அதனிடம் இருந்ததோ சுருட்டை முடி குமரேசன்!

பக்கத்துச் செல்போன் கடை கலீமுல்லா எட்டிப் பார்த்தான். "ஆபீஸ் எங்க கீதுன்னு ஒரு அட்ரஸாவது போட்டுகிறானாண்ணா? வுட்ரு, இன்னும் மாட்டிக்காத."

"நீ வேற, வயித்தெரிச்சல கெளப்பாத!"

நாடக சாமான் வாடகைக்கு விடும் கடையில் ஒரே ஒரு டோப்பாதான் இருந்தது. ராஜா வேஷத்துக்கானது, முடி தோளில் புரண்டது. அதை மாட்டிக்கொண்டு போனுக்கு முகம் காட்டினான்.

"மோசடி முயற்சி. கணக்கு முடக்கப்பட்டது."

உதவி கேட்டு எழுதினான். ஏஞ்சலா என்று ஒருத்தி உடனே பதில் போட்டாள். முடக்கத்தை நீக்க இருபதாயிரம் கட்ட வேண்டுமாம், அப்படியே திரும்பி வந்துவிடுமாம். சந்தனம் வாங்க வைத்திருந்த முதல் அதில் போனது.

அடுத்து எழுதினாள்: "உங்கள் வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகளை அனுப்பவும். வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்."

"எவ்ளோ அக்கறையா சொல்லுது பாரு!" என்று உருகிப்போய், பன்னிரண்டையும் எழுத்துப் பிசகாமல் அனுப்பினான்.

வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வாலட்டில் இருப்பு பூஜ்ஜியம். ஏஞ்சலாவையும் காணோம்.

கலீமுல்லாதான் சைபர் போலீசுக்குப் போன் போட்டுக் கொடுத்தான்.

"ஆப் நடத்தறவங்க பேரு?"

"தெர்லங்க சார்."

"ஊரு?"

"அதுவும் தெர்லங்க."

"பின்ன எத நம்பிங்க நகைய வித்துப் போட்டீங்க?"

குமரேசன் புகாரைப் பதிவு செய்துவிட்டு நேராகப் பள்ளிப்பட்டு பஸ் ஏறினான். சங்கிலி இல்லை, பணமும் இல்லை. ஆனாலும் அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரேமா, மொட்டைத் தலையைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ! மாமாவுக்கு எதுனா ஆயிடுச்சா?"

"எங்கப்பா நல்லாத்தான் கீறாரு. நாந்தான் பாவி." எல்லாவற்றையும் கொட்டினான். சங்கிலி, வாலட், டோப்பா, ஏஞ்சலா, ஒன்று விடவில்லை. "எல்லாம் போச்சு பிரேமா. அடிக்கணும்னா அடி. நீ இல்லாத வூட்ல என்னால இருக்க முடியல."

பிரேமா அவனையே பார்த்தாள். கண் நிறைந்தது. விடுவிடென்று உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று குமரேசன் செருப்பை மாட்டினான். தெருமுனை வரை போயிருப்பான். மைத்துனன் பாலமுருகன் மூச்சிரைக்க ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"எங்க போறீங்க பாவா? அக்கா பைய எடுக்கத்தான் உள்ள போச்சு. உங்க கடையப் பெருசாக்கக் கட்டிகினு வந்த சீட்ட எடுத்து அதே வாலட்ல போட்டுத் தொலைச்சிட்டு, உங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னுதான் மூணு மாசமா இங்க அழுதுகினு குந்தினு கீது!"