இரண்டு பல் அதிகாரி

எங்கள் ஜில்லாவில் யார் வேண்டுமானாலும் படம் பிடிக்கலாம், படம் பிடிக்கத் தெரியாமல் இருக்கும் வரைக்கும். நான் கிண்டல் செய்யவில்லை. சட்டமே அப்படி.

மேற்படி சட்டத்தின் விவரம் இதுதான். படம் பிடிக்கத் தெரிந்தவர் தொழில்காரர் எனப்படுவார். அவர் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு ஒரு பசுவையும் அதன் கன்றையும் விற்றாக வேண்டும். தெரியாதவர் கற்றுக்குட்டி எனப்படுவார். அவருக்கு இலவசமாக ஒரு மஞ்சள் அட்டை. வருஷா வருஷம் தாம் எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டி, தமக்கு இன்னும் எதுவும் தெரிந்துவிடவில்லை என்று அலுவலகம் மனநிறைவு அடையும்படி அவர் நிரூபிக்க வேண்டும்.

எனக்குப் பசு கிடையாது. கொஞ்சம் கோழிகள், மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றும் ஒர்யேமா என்ற புருஷன், ஒஜாரா என்ற மகன், இவ்வளவுதான் சொத்து. இவர்களோடு தலைநகர் கம்பாலாவிலிருக்கும் நாத்தனார் கழித்துக் கொடுத்த ஒரு கேமராவும் வந்து சேர்ந்தது. ஒஜாராவுக்காகத்தான் அதை வாங்கிக்கொண்டேன். நான் ஒரு காலத்தில் குழந்தையாக இருந்தேன் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சாட்சியும் இல்லை. என் பிள்ளைக்கு அந்தக் கதி வரக் கூடாது. அவனுக்கு முளைக்கிற ஒவ்வொரு பல்லையும் படம் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதல் வருஷம் நான் எடுத்த படங்களில் வெயில் இருந்தது, என் கட்டைவிரல் இருந்தது, பக்கத்து வீட்டு ஆட்டின் பின்பக்கம் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. அவற்றை எடுத்துக்கொண்டு படப்பிடிப்பு ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி பியாருஹங்கா மேற்கே இருந்து மாற்றலாகி வந்தவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல குழந்தை எங்கம்மா?"

"கட்டைவிரலுக்குப் பின்னாடி இருக்கான் ஐயா."

"பலே. இது?"

"அதுவும் அவன்தாங்க. நகர்ந்துட்டான்."

"அவன் நகரலைம்மா, நீதான் நகர்ந்திருக்கே. அருமை! உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஜில்லா எங்கேயோ போயிடும்" என்று சொல்லி, மஞ்சள் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். சோளக்கூழ் கட்டி தட்டினால் ஏன் தட்டியது என்று பார்க்கிறோம் அல்லவா, அப்படித்தான் இதையும் பார்த்தேன். உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் விழுகிறது. மாமர நிழல் வருகிற வரைக்கும் பொறுத்தேன். நின்றுகொண்டு எடுத்தால் மண்டை மட்டும் தெரிகிறது. குப்புறப் படுத்து எடுத்தேன். "சிரிடா" என்றால் அவன் அழுகிறான். ஒரு கோழியைப் பிடித்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அந்தப் படம் விழுந்தது. கன்னமெல்லாம் வெண்ணெய்ப்பழத்தை ஈஷிக்கொண்டு, கீழ்வரிசையில் புதிதாய் வந்த இரண்டு பல்லையும் காட்டி ஒஜாரா சிரிக்கிற சிரிப்பு! வாசலில் இருந்த பெண்களெல்லாம் ஓடி வந்து பார்த்தார்கள். படத்தைப் பார்த்தே கன்னத்தைக் கிள்ளினார்கள்.

புத்திகெட்டுப் போய், இருந்த ஒரே பிரதியை அடுத்த பரிசோதனைக்கு எடுத்துப் போனேன்.

பியாருஹங்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடி துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதை யாரும்மா எடுத்தது?"

"நான்தாங்க."

"யோசிச்சுச் சொல்லு. கேமரா தவறி விழுந்து தானா எடுத்துக்கிச்சா?"

"இல்லைங்க, குப்புறப் படுத்து எடுத்தேன்."

"குழந்தை தெரியுதேம்மா!"

"ஆமாங்க."

"பல்லு கூடத் தெரியுது."

"ரெண்டு பல்லும் தெரியுதுங்க ஐயா" என்றேன், பெருமையாக.

"இதுக்குப் பேரு முன்னேற்றம்" என்றார், பெரியாஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்வதுபோல. "உன் நல்லதுக்குச் சொல்றேன், ஆரம்பத்துலயே கிள்ளிடு. மழை முடியறதுக்குள்ள பழையபடி ஆகிட்டு வா. இல்லைன்னா கேமராவுக்கு அரக்கு வச்சிடுவேன்."

என் மகனின் சிரிப்பு, 'தடயம்' என்று பெயரிடப்பட்டு, என் கோப்பில் வைத்துக் கட்டப்பட்டது.

மோசமாக எடுப்பதும் லேசில்லை. ஒர்யேமா என் தோளைப் பிடித்து உலுக்க, நான் எடுத்தேன். கோழியைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் எடுத்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று, சுற்றி நின்றவர்கள் எல்லோருடைய தலையையும் வெட்டிவிட்டு எடுத்தேன். பியாருஹங்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தலையை வெட்டியிருக்கே, சரி. ஆனா வெட்டு நேரா இருக்கே! தெரியாதவ வெட்டினா ஒரு காதாவது மிஞ்சும்மா. இது நடிப்பு."

"ஐயா, நிஜமாவே எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"அதைச் சொல்றதுக்கு ஒரு தகுதி வேணும். நாங்கல்லாம் எத்தனை வருஷம் சர்வீஸ் போட்டு இந்த நிலைமைக்கு வந்திருக்கோம், நீ ஒரே மழைக்காலத்துல வந்துடப் பார்க்கிறியா?"

கேமராவின் கண்ணில் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றினார்கள். அதே வாரம் ஒஜாராவுக்கு மேல்வரிசையில் ஈறு வீங்க ஆரம்பித்தது. பல் வருகிறது, படமெடுக்க வழியில்லை. நான் அழவில்லை. ஆனால் அன்றைக்குக் கீரையில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் ஸ்டுடியோ வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அட்டைக்கு ஒட்டுகிற சின்னப் படம் தனியாக எடுக்கிற மெஷினுக்குச் செலவு ஜாஸ்தி. அதனால் ஆளை உட்காரவைத்து, ஸ்டுடியோவில் தொங்குகிற கருப்புக் கோட்டை மாட்டிவிட்டு, பெரிசாக ஒரு படம் எடுப்பார்கள். பிறகு முகம் வெட்டுகிற மெஷினில் வைத்து ஓர் அழுத்து. சதுரமாக முகம் மட்டும் கையில் வரும். ஆபீசுக்கு முகம் போதும். கோட்டு, கை, கால், நாற்காலி எல்லாம் குப்பைக்கூடைக்கு. ஊரே அந்த ஒரு கோட்டைப் போட்டுத்தான் குடிமக்கள் ஆனது.

பியாருஹங்காவின் புது அடையாள அட்டைக்கு அவசரமாக முகம் தேவைப்பட்டது. ஸ்டுடியோக்காரர் ஒரு சாவுக்குப் போயிருந்தார். ஆபீஸ் குமாஸ்தா ஒடோச் ஓடி வந்தான்.

"ஒஜாரா அம்மா, சீக்கிரம் கிளம்புங்க. ஐயாவைப் படமெடுக்கணும்."

"கேமராவுல அரக்கு இருக்கே தம்பி."

"அரசு அலுவல் நிமித்தம் அரக்கு தற்காலிகமா நீங்கியதாகக் கருதப்படும்" என்று சொல்லி, பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தான்.

ஸ்டுடியோவில் உட்காரவைத்து, அந்தக் கோட்டை மாட்டிவிட்டு எடுத்தேன். பழக்கதோஷம், நன்றாகவே எடுத்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் ஒருபக்கம் விழ, முழங்காலில் கைவைத்து, ஒரு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் மனுஷர். முகத்தை வெட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒடோச் மறுபடி அரக்கு வைத்தான். மிச்ச உடம்பு என் கையில் நின்றது.

"இதையே பரிசோதனைக்குக் குடுத்துரு" என்றார் என் புருஷன்.

"அவரோட உடம்புங்க இது! கண்டுபிடிச்சிடுவாரு."

"கோட்டு ஊரோடது. தலை அவர்கிட்ட இருக்கு. எதை வச்சுக் கண்டுபிடிப்பாரு?"

அது வாஸ்தவம்தான். மறுநாள் கொடுத்தேன். பியாருஹங்கா படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு. ஆனா என்னன்னுதான் சொல்ல வரலை."

"எனக்கும் தெரியலைங்க ஐயா."

"அதான் வேணும்! ஆனா ஒண்ணும்மா, உட்கார்ந்திருக்கிற ஆளு நல்ல நிர்வாகின்னு பார்த்தாலே தெரியுது. ஆபீஸ் சுவருக்குப் பொருத்தமா இருக்கும்."

அப்போதே சட்டம் போட்டு மாட்டச் சொல்லிவிட்டார். என் அட்டையில் கையெழுத்து நாளைக்கு என்றார். மறுநாள் அவருடைய புது அடையாள அட்டை வந்தது. கூடவே மாற்றல் உத்தரவும் வந்தது. முகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடம்பு சுவரில் இருந்தது.

பதவியில் இருக்கிற அதிகாரியின் படம் சுவரில் இருக்க வேண்டும் என்பது விதி. புதுப்படத்துக்கு ஒதுக்கீடு கிடையாது. ஒடோச்தான் வழி கண்டுபிடித்தான். புதிதாக வந்தவரின் சின்ன முகத்தை வாங்கி, சுவரிலிருந்த உடம்பின் ஓட்டையில் ஒட்டினான். அச்சாகப் பொருந்தியது. அவர் போனதும் உரித்துவிட்டு அடுத்தவரை ஒட்டினான். பசை காய்வதற்குள் அவருக்கும் மாற்றல். இரண்டு பேரும் என் அட்டையில் கையெழுத்துப் போடவில்லை. ஒஜாராவின் மேல்பல் வெளியே வந்துவிட்டது. நான் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டதோடு சரி.

மறுபடி தகவல் வந்தது. புது அதிகாரி வந்துகொண்டிருக்கிறார், வந்து சேருவதற்கு முன் அவர் படம் சுவரில் இருந்தாக வேண்டும் என்று. அவருடைய முகம் மட்டும் வந்து சேரவில்லை. ஒடோச் கோப்புகளைக் கிளறி, கிடைத்த முகத்தை வெட்டி ஒட்டிவிட்டான்.

இது தெரியாமல் நான் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கையெழுத்துக்காகப் போய் வரிசையில் நின்றேன். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டும் பெண்கள் முழங்கால் போட்டும் சுவரில் இருந்த படத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ஐயா தேவலை. சிரிச்ச முகம்" என்றாள் எனக்கு முன்னால் நின்றவள்.

"வயசு கம்மியாத் தெரியலை?"

"இப்பல்லாம் சின்ன வயசுலயே எடுத்துடறாங்களாம்."

"கன்னத்துல என்னடி பச்சையா?"

"பதவிக் களைடி. வந்து உட்கார்ந்தா எல்லாருக்கும் அப்படித்தான்."

எட்டிப் பார்த்தேன். கருப்புக் கோட்டு போட்டு, முழங்காலில் கைவைத்து, இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என் மகன்.

"அடேய் ஒடோச்! அது என் பிள்ளைடா!"

"உஷ், அக்கா! ஐயாவை அப்படியெல்லாம் உரிமை கொண்டாடக் கூடாது."

"எச்சில் ஒழுகுது, பாரு!"

"ஐயா சிரிக்கிறாரு. சிரிச்சா ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம். காலையிலேருந்து எல்லா மனுவுக்கும் ஆட்சேபணை இல்லாம முத்திரை குத்திட்டிருக்கேன். மனைப்பட்டா, தண்ணிக்குழாய், கடை உரிமம் எல்லாம் நகருது. அதெல்லாம் நம்ம ஆபீஸ் வேலை இல்லைன்னாலும், ஐயா சிரிக்கிறார்னு கேள்விப்பட்டு எல்லாரும் இங்கதான் மனு குடுக்கிறாங்க. உங்க அட்டை வேணும்னா வணக்கம் சொல்லுங்க, வேணாம்னா வழி விடுங்க."

எனக்கு வேண்டியிருந்தது. முழங்கால் போட்டேன். "வணக்கம் ஐயா" என்றேன். முதுகிலிருந்து ஒஜாரா ஒரு ஏப்பம் விட்டான். அட்டையில் முத்திரை விழுந்தது. அரக்கும் உடைந்தது.

நிஜ அதிகாரி அப்புறம்தான் வந்து சேர்ந்தார். வாசல் காவல்காரர் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பல் அதிகமா இருக்கு" என்று திருப்பி அனுப்பினார். அவர் என்னிடம் வந்தார். உதட்டை மடித்து இரண்டு பல் மட்டும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். கன்னத்துக்கு வெண்ணெய்ப்பழம் எங்கள் வீட்டிலிருந்தே கொடுத்தேன். அதைப் பார்த்து ஊரில் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. இப்போது கல்யாண ஜோடிகூட இரண்டு பல்லோடுதான் சிரிக்கிறது. சந்தையில் வெண்ணெய்ப்பழம் கிடைப்பதில்லை.

இதற்கெல்லாம் முன்னால், அட்டை கிடைத்த அன்று சாயங்காலமே, அந்தச் சந்தோஷத்தில் மாமர நிழலில் குப்புறப் படுத்தேன். தலையில் கோழி. ஒஜாரா மேலும் கீழுமாகப் பல்லைக் காட்டிச் சிரித்தான். பொத்தானை அழுத்தப் போகிற நேரம் வாசலில் சத்தம். அக்கம்பக்கம் முழுக்கத் திரண்டு வந்திருந்தது. முன்னால் நின்றது, அவன் கன்னத்தைக் கிள்ளின அதே பெண்கள்.

"உன் காலைப் பிடிக்கிறோம் ஒஜாரா அம்மா, எடுத்துடாதே!"

"ஏன்? எனக்கு அனுமதி இருக்கு."

"எங்க பட்டாவெல்லாம் ரெண்டு பல்லு கொடுத்ததுடி! ஐயாவுக்கு மேல்வரிசையும் இருக்குன்னு ஒரு படம் வெளியே வந்தா, அவரு இவரு இல்லைன்னு ஆகிடும். அப்புறம் நாங்க குடியிருக்கிற மண்ணு எங்களுது இல்லைன்னு ஆகிடும்."

"உன் அட்டையும் அந்த ரெண்டு பல்லு குடுத்ததுதான், ஞாபகம் வச்சுக்கோ" என்றார் என் புருஷனும், அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டு. புது வண்டிக்கு அவரும் உரிமம் வாங்கியிருந்தார்.

கோழியை இறக்கி விட்டேன். கேமராவை ஆணியில் மாட்டினேன், மஞ்சள் அட்டையையும் அதன் பக்கத்திலேயே. ஒஜாரா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். தெருவில் யாரோ மனுக் கட்டோடு போனார்கள். அவனை அள்ளி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, காதோடு சொன்னேன்:

"வாயை மூடிக்குங்க ஐயா."