நெருப்புக்குள் போன சவல்

பிறர் எப்படித் தொழில் பழகுகிறார்கள் என்று ஆராய்ந்து எழுதியே காலம் தள்ளியவன் நான். அப்படிப்பட்டவன் எழுதுவதோடு நிற்க வேண்டும், கையை வைக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு ஓடுகிற ரயில் எஞ்சினில் கிடைத்தது.

முப்பதுகளின் தொடக்கம். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிய சூட்டோடு கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். ரயில்வே ஆட்கள் வேலை பழகும் காலத்தைக் குறைக்க முடியுமா என்று பார்த்து எழுதச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸில் எஞ்சின்கள் நிற்கும் ஷெட்டுக்கு வெள்ளைக் கோட்டும் சோலா தொப்பியுமாகப் போய் நின்றேன். (கரிப்புகைக்கு வெள்ளைக் கோட்டு! இந்த மூளைக்குத்தான் சம்பளம்.) கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, சவல் என்கிற மண்வாரியால் கரி அள்ளிப் போடுவதை ஒரே வாரத்தில் பழகிவிடலாம் என்று முடிவும் கட்டிவிட்டேன்.

அங்கே எஞ்சினுக்குக் கரி போடும் பயர்மேனாக இருந்த முத்தையாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். ஷெட்டே அதிரச் சிரித்தார். அவருக்கு மெதுவாக எதுவும் வராது.

"ஒரு வாரமா? சரிலா சார். வர்ற வியாழக்கெழம எனக்கு டிரைவர் பரீட்சை. கிள்ளான் வரைக்கும் நான்தான் ஓட்டப்போறேன். பரீட்சை பாக்கற தொரையும் கூட வர்றாரு. நீங்களும் ஏறிக்குங்க. என்னை மாதிரி ஓட்டறவன் இந்த மலாயாவுல இருக்கானான்னு பாத்துட்டு அப்புறம் எழுதுங்க."

வாய்தான் அப்படி, உள்ளுக்குள் பயம் இருந்தது. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கும்பல் கும்பலாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். டிரைவராகிவிட்டால் வேலை தங்கும். இல்லையென்றால் அடுத்த கப்பலில் அவரும் மனைவியும் கைக்குழந்தையும். கிள்ளானுக்கு ரயில் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே தேறவில்லை என்று அர்த்தம்.

வியாழக்கிழமை எஞ்சினில் ஏறினேன். கரி போடும் அம்மாசி, இருபது வயது இளைஞன், நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்தான். உள்ளே சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை; ஒரே வெண்மை. தீபாராதனையின்போது தானாகக் கூப்புமே கை, அப்படிக் கூப்பிவிட்டேன். (துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.) வண்டி கிளம்பியதும் காலடியில் இருந்த அத்தனை இரும்பும் மூச்சுவிட்டது. முத்தையா ஒரு நெம்புகோலை லேசாகத் தொட்டார். பின்னால் அத்தனை பெட்டிகளும் அவர் சொன்னபடி கேட்டன. உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு.

சிலிர்ப்போடு விட்டிருக்கலாம். பெட்டாலிங் தாண்டியதும் ஆராய்ச்சிப் பேய் பிடித்துக்கொண்டது.

"அம்மாசி, அந்தச் சவலைக் கொஞ்சம் கொடு. ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்."

"வேணாம் சார், தொர பாக்கறாரு."

"பார்க்கட்டுமே!"

சவல் நிறையக் கரியை அள்ளி, காலை அகட்டி, பலமாக வீசினேன். அந்தச் சமயம் பார்த்து அனல் முகத்தில் அறைந்தது. கை விட்டுவிட்டது. கரி உள்ளே போனது. சவலும் உள்ளே போனது. எஞ்சினில் இருந்தது அந்த ஒரே சவல்.

அம்மாசி அலறினான். "அண்ணே! சவலு உள்ள போயிருச்சு!"

முத்தையா திரும்பவே இல்லை. கண் தண்டவாளத்தில் இருந்தது. "கையால போடுடா. சார், கோட்டக் கழட்டுங்க."

கோட்டைக் கிழித்து அம்மாசி கையில் சுற்றிக்கொண்டு பெரிய கட்டிகளாகப் பார்த்து எறிந்தான். நான் என் தொப்பியில் கரியை நிரப்பிக் கொட்டினேன், துள்ளினேன், மறுபடி கொட்டினேன். பத்து தீகா ஸ்டேஷன் வருவதற்குள் தொப்பியும் தீப்பிடித்துச் சவலைத் தேடிப் போய்விட்டது. அழுத்தம் காட்டும் முள் இறங்கத் தொடங்கியது. கைக்குழந்தையோடு கப்பலில் நிற்கும் முத்தையா என் கண்ணுக்குத் தெரிந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது என் தோளை யாரோ தட்டினார்கள். துரை. தன் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. துரை குனிந்து கரியை அள்ளித் தர, நான் கொட்ட, அம்மாசி எறிந்தான். முத்தையாவோ கிடைத்த ஆவியைச் சிந்தாமல், இறக்கத்தில் வண்டியைத் தானாக ஓடவிட்டு, மேட்டில் தட்டிக்கொடுத்து ஏற்றினார். ஆற்றுப் பாலம் தடதடத்தது. கிள்ளான் பிளாட்பாரத்தில் வண்டி நின்றபோது நேரம் சரியாக இருந்தது. பயணிகள் ஒன்றும் அறியாமல் இறங்கிப் போனார்கள்.

துரை முகத்தைத் துடைத்தார். கரி இன்னும் பரவியது. "சவலைப் போட்டது யார்?" என்று மலாய் மொழியில் கேட்டார். பார்த்துக்கொண்டு இருந்தவர்தான், இருந்தும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முத்தையா முந்திக்கொண்டார்.

"என் எஞ்சின், தொர. இதுல எது நடந்தாலும் என் பொறுப்பு."

துரை கருகிப்போன தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி," என்றார். "வண்டியைத் திருப்பிக் கொண்டுபோ, டிரைவர்."

டிரைவர்! அந்த வார்த்தையைக் கேட்டதும் முத்தையா எஞ்சினின் பக்கத் தகட்டில் நெற்றியை வைத்து நின்றார்.

பிறகு பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டித்தான் எனக்கு வீடு அமைந்தது. முத்தையா, வண்டி எங்கள் கொல்லையைத் தாண்டும்போது மட்டும் நீளமாக ஊதுவார். என் மகள் அடுக்களையிலிருந்து அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். "அப்பா, சவலு கேக்கறாரு!" என்று அதை ஆட்டிக் காட்டுவாள். தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அன்று ஒன்று பிசகியிருந்தால் அவர் குடும்பம் கேட்டிருக்கக்கூடியது கப்பல் சங்கு என்ற நினைப்பு வரும்போது மட்டும் கை நடுங்கும். உடனே என் மனைவி என் கையிலிருக்கும் காப்பித் தம்ளரைப் பிடுங்கிக்கொள்வாள்.

"குடுங்க இப்படி. இருக்கறது ஒரே தம்ளரு."